முதலில் போய் நிற்பவர் நீங்கள்

ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்தில் பயிற்சி பெறும் உதவி ஆய்வாளர்களுக்கு,

கவாத்து முடித்து, துப்பாக்கி சுடப் பழகி, சட்டப் பிரிவுகளை உருப்போட்டு, கொஞ்ச நாளில் நீங்கள் காவல் நிலையங்களுக்குப் போய்விடுவீர்கள். போன சூட்டோடு ஒரு போன் வரும். கிணற்றில் ஒரு பெண் மிதக்கிறார் என்றோ, புளியமரத்தில் ஒருவர் தொங்குகிறார் என்றோ, ரயில் பாதையோரம் உடல் கிடக்கிறது என்றோ யாராவது சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் அன்றைக்குப் பந்தோபஸ்தில் இருப்பார். ஒரு ஏட்டையும் காவலரையும் அழைத்துக்கொண்டு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். அரசு மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவம் கற்பித்து, பிணவறை மேசை அருகிலேயே பணிக்காலத்தைக் கழித்த மருத்துவர் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கொலை வழக்கை இன்ஸ்பெக்டர்தான் புலனாய்வு செய்வார், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். அது கொலை என்று யார் முதலில் சொல்கிறார்? நெஞ்சில் கத்தி இருந்தால் ஊரே சொல்லிவிடும். மற்ற மரணங்களெல்லாம் ‘சந்தேக மரணம்’ என்ற பெயரில்தான் காவல் நிலையத்துக்கு வருகின்றன. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. அந்தக் கோப்பு பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கும். அது தற்கொலை என்று முடிக்கப்படுவதும், கொலை வழக்காக மாற்றப்படுவதும் நீங்கள் அன்று எதைப் பார்த்தீர்கள், எதை எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும், வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 176(3). இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் குற்றம் என்று கருதி அழைத்தால்தான் அவர் வருவார். ‘சந்தேக மரணம்’ என்று எழுதி மூடிவிட்டால் அந்தப் பிரிவுக்கு அங்கே வேலையே இல்லை. நிபுணரை வரவழைக்கும் கதவு உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் கதவை எப்போது திறக்க வேண்டும் என்பதைத்தான் உங்களுக்கு யாரும் போதுமான அளவு சொல்லித்தரவில்லை.

என் மேசைக்கு வந்த விசாரணை அறிக்கைகளில் ஒரு வரி ஓயாமல் வரும்: ‘தீராத வயிற்றுவலி தாங்க முடியாமல் மனமுடைந்து’ தூக்கிட்டுக்கொண்டார், விஷம் குடித்தார், கிணற்றில் குதித்தார். எத்தனை ஊர்கள், எத்தனை எழுத்தர்கள், ஆனால் அதே வயிற்றுவலி. வயிற்றைத் திறந்து பார்த்தால் நோய் எதுவும் இருக்காது. அந்த வரியை எழுதியவர் இறந்தவரின் வீட்டுக்குள் போயிருக்க மாட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பேசியிருக்க மாட்டார். உடலைத் திருப்பி முதுகைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பஞ்சாயத்தார் என்று கையெழுத்துப் போட்டவர்கள் வெள்ளைத் தாளில் போட்டிருப்பார்கள். இப்படி வந்த ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு, கழுத்தில் இருக்கும் தடத்தை மட்டும் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? உடல் சொல்வதைச் சொல்வேன். இடம் என்ன சொன்னது என்பதைச் சொல்ல வேண்டியவர் அங்கே போய் நின்ற நீங்கள்.

தூக்கையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி வருவதும் அதுதான், அடிக்கடி கெடுக்கப்படுவதும் அதுதான். பதற்றத்தில் உறவினர்கள் இறக்கி வைத்திருந்தால், அது உயிர் இருக்குமோ என்ற ஆசையில் செய்தது. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், யார் இறக்கினார், எப்படிக் கிடந்தது என்று கேட்டு எழுதுங்கள். உடல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் உயிர் இல்லை என்று உறுதியான பின் அவசரப்பட எதுவுமில்லை. முதலில் நின்று பாருங்கள். உத்தரத்தில் தூசி கலைந்திருக்கிறதா? ஏறி நிற்க ஸ்டூலோ பானையோ இருக்கிறதா, அதன் உயரம் போதுமா? வாய் ஓரத்தில் எச்சில் வழிந்த தடம் இருக்கிறதா? தொங்கியபடியே இறந்தவருக்கு இரத்தம் கீழே இறங்கி, கால்களிலும் முன்கைகளிலும் கருஞ்சிவப்பாகத் தேங்கும். அந்த நிறம் முதுகில் படிந்திருந்தால், அவர் இறந்த பிறகு சில மணி நேரம் மல்லாக்கக் கிடந்திருக்கிறார். கிடந்தவரைத் தூக்கி மாட்டியவர் யார் என்ற கேள்வி அந்த நிமிடமே பிறக்கிறது. சட்டையை விலக்கிப் பார்க்க உங்களுக்கு நான் தேவையில்லை, ஆய்வகம் தேவையில்லை. மறுநாள் உடல் என்னிடம் வரும்போது அது வேனில் மல்லாக்கக் கிடந்து, குளிர்பெட்டியில் மல்லாக்கக் கிடந்து, நீங்கள் பார்க்கத் தவறியது பாதி அழிந்திருக்கும்.

கயிற்றை அவிழ்க்காதீர்கள். முடிச்சைத் தொடாமல் தள்ளி வெட்டி, வெட்டிய முனைகளை நூலால் கட்டி அடையாளம் வைத்து, கழுத்தில் இருப்பதை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். கழுத்து நெரிக்கப்பட்டவரின் தடம் பெரும்பாலும் கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டமாக முழு வளையமாக இருக்கும். தூக்கில் தொங்கியவரின் தடம் குரல்வளைக்கு மேலே சாய்வாக ஏறி, முடிச்சு இருக்கும் பக்கம் விட்டுப்போயிருக்கும். விதிவிலக்குகள் உண்டு, அதனால்தான் கயிறும் முடிச்சும் எனக்கு வேண்டும். கயிறு வேறாக, உடல் வேறாக, முடிச்சு அவிழ்ந்து, சில சமயம் கயிறே இல்லாமல் உடல்கள் பிணவறைக்கு வந்திருக்கின்றன. கேட்டால், ‘வீட்டுக்காரங்க எரிச்சுட்டாங்க சார்’ என்று பதில் வரும். வீட்டுக்காரர்களில் ஒருவர்தான் குற்றவாளி என்றால்?

நெருப்பில் இறந்த பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனமில்லை. திருமணமாகி ஏழாண்டுக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. அது வந்துவிட்டதாலேயே உங்கள் வேலை குறைந்துவிட்டதாக எண்ணாதீர்கள். ‘ஸ்டவ் வெடித்தது’ என்று எழுதும் முன் அந்த ஸ்டவ்வைப் பார்த்தீர்களா? அது எங்கே இருந்தது, அதில் எண்ணெய் எவ்வளவு மிச்சம், அடுப்படிச் சுவரில் கரி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? இறந்தவரின் மூச்சுக்குழாயில் கரி இருந்தால் நெருப்பு பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று நான் சொல்வேன். இல்லாவிட்டால் எரியும் முன்பே இறந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை எழுப்புவேன். நெருப்பை வைத்தவர் யார் என்பதற்கு உடலில் விடை இல்லை. அது அந்த அடுப்படியில் இருக்கிறது, மறுநாள் காலையில் மாமியார் வீட்டார் கழுவிவிடும் வரை.

விஷமும் அப்படித்தான். கொங்கு நாட்டில் சாணிப்பவுடர், பல ஊர்களில் எலி பேஸ்ட், அரளி விதை, ஒடுவன் தழை, பூச்சிமருந்து. எது எந்த ஊரில் கிடைக்கும் என்பது உங்கள் ஏட்டுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள். டம்ளர், பாட்டில், வாந்தி பட்ட துணி, ஆஸ்பத்திரியில் இரைப்பையைக் கழுவி எடுத்த நீர் இவற்றையெல்லாம் பத்திரப்படுத்துங்கள். உள்ளுறுப்புகளை நாங்கள் உப்புக் கரைசலில் போட்டுத் தருகிறோம். அந்த ஜாடிகள் நிலையத்து அலமாரியில் வாரக்கணக்கில் கிடந்த கொடுமையை நான் அறிவேன். ஆய்வகத்துக்கு எதைத் தேட வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்களும் இருட்டில்தான் தேட வேண்டும்.

2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரியின் உடல் கிடந்ததை நீங்கள் மாணவர்களாக இருந்தபோது செய்தியில் படித்திருப்பீர்கள். தற்கொலை என்று காட்டுவதற்கான எல்லா ஏற்பாடும் அங்கே இருந்தது. அதற்கு முந்தைய நாள் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பதிவான கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் கைப்பற்றப்பட்டன. பின்னாளில் முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கைத் தாங்கி நின்றவற்றில் அந்தப் பதிவுதான் முதன்மையானது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் கொலையாளிகளைத் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கும் ரயில் பாதைக்கும் தாங்களே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள். ஏறக்குறைய எட்டாண்டு கழித்து நீதிபதிகளே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள் என்றால், அன்றைக்கே அங்கே நிற்கும் வாய்ப்புப் பெற்ற அதிகாரிக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய சாட்சி!

இன்னொரு வழக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. விசாரணை நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எடுக்கப்பட்ட மாதிரிகள் யார் கையில், எங்கே, எத்தனை நாள் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்பது விடுதலைக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அவர் குற்றமற்றவர் என்றால் ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்திருக்கிறார். வேறொருவர்தான் கொன்றார் என்றால் அவர் இன்றும் வெளியே நடமாடுகிறார். இரண்டில் எதுவானாலும் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் நாம் தந்தது ஒன்றுமில்லை. டி.என்.ஏ. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும், கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதுக்கும் கட்டளை பிறந்தது. கட்டளை பிறந்த வழக்கு நம்முடையது. அதனால் அதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர்களும் நாம்தான்.

உங்களில் சிலர் மனத்துக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: ‘இதெல்லாம் எதற்கு, ஆளைப் பிடித்து நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும்.’ வருவது உண்மையா என்று நீதிமன்றத்தில் போய்ப் பாருங்கள். குற்றவாளி தானாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தான், அவர் அதை எழுதிக் கையோடு நிலையத்துக்கு அழைத்து வந்தார் என்ற கதை நம் மாநிலத்துக் குற்றப்பத்திரிகைகளில் எவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது! முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவன் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். இடத்தில் தடயம் எடுக்கத் தெரியாதவருக்கு மிஞ்சுவது லத்திதான். 2020இல் சாத்தான்குளம், 2025இல் திருப்புவனம். இந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னால் இன்று தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. அங்கே போலீஸ் அடித்ததால் இறந்தவர்களின் உடல்களில் எங்கள் துறை மருத்துவர்கள் எண்ணி எழுதிய காயங்களைப் பயிற்சிக் காலத்திலேயே நீங்கள் படித்துவிட வேண்டும். புலனாய்வு தெரியாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வேறு எந்தப் பாடமும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். திருவிழா, பொதுக்கூட்டம், அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்துக்கு இழுத்துப்போனால் எந்த அதிகாரி எந்த வழக்கை நிதானமாகப் பார்ப்பார்? சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் தனித்தனியாகப் பிரியுங்கள், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் தொடங்குங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். இன்னும் ஒரே ஆளே காலையில் பிணத்தையும் மாலையில் ஊர்வலத்தையும் பார்க்கிறார். ஒரு டார்ச்சும் அளவுநாடாவும் காகித உறைகளும்கூட நிலையத்தில் இருப்பதில்லை. இரத்தம் பட்ட சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புகிறார்கள், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடுகிறது. உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வண்டிக்காசை இறந்தவரின் குடும்பத்திடமே கேட்கும் அவலத்தையும் கண்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் பொறுப்பு உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு. ஆனாலும் முதுகைத் திருப்பிப் பார்க்க அரசாணை வேண்டியதில்லை. சட்டையை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடிக்க நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

இந்த மண்ணில் இதற்கு மரபு இல்லாமலும் இல்லை. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில்தான் தொடங்கியது. 1952இல் ஆளவந்தார் கொலையில் தலை இராயபுரம் கடற்கரையிலும் உடல் மானாமதுரையில் ரயிலிலும் கிடைத்தபோது, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிறுவிக் காட்டியவர்கள் நம் மருத்துவக் கல்லூரிச் சட்ட மருத்துவர்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துச் சிதறிக் கிடந்த உடல்களுக்கிடையே, இறந்த புகைப்படக்காரரின் கேமரா அழியாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்கள்தான் புலனாய்வுக்கு முகங்களைக் கொடுத்தன. சிதைந்த உடல் பகுதிகளையும் துணித் துணுக்குகளையும் வைத்து, குண்டை இடுப்பில் கட்டி வந்தவர் ஒரு பெண் என்று தடய அறிவியல் துறை இயக்குநர் பேராசிரியர் பி. சந்திரசேகரன் நிறுவினார். அந்தக் கேமராவை அன்றிரவு யாராவது ஓரமாக எட்டித் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பார்க்கப் பழக்குவது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெண்மணி வழி காட்டியிருக்கிறார். பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. 1940களில் அவர் மரணம் நடந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் பொம்மை வீடுகளாகச் செய்தார். காலண்டர், பாத்திரம், திரைச்சீலை, சுவரில் தெறித்த இரத்தம் எல்லாம் துல்லியமாக. ஹார்வர்டில் அவர் தொடங்கிய கருத்தரங்குக்கு வந்த போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த நேரம் நின்று, கண்டதைச் சொல்ல வேண்டும். தற்கொலையா, கொலையா, விபத்தா என்ற முடிவுக்கு ஓடுவதற்கு முன் பார்க்கச் சொன்னார். அவற்றில் பதினெட்டு பால்டிமோரில் இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. ஊனமாஞ்சேரியில் நமக்கு இடப் பஞ்சமா? ஓட்டு வீட்டு அடுப்படி ஒன்று, பம்புசெட் கொட்டகை ஒன்று, படி வைத்த கிணறு ஒன்று, காலனி வீட்டு ஒற்றை அறை ஒன்று என்று முழு அளவிலேயே கட்டலாம். வாரத்துக்கு ஒரு ‘மரணம்’ அங்கே நடக்கட்டும். பயிற்சியாளர் வைத்த பொருள்களில் எத்தனையைக் கண்டீர்கள், எதை மிதித்தீர்கள் என்று பார்க்கட்டும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பயிற்சி முடிவதற்குள் பிணவறையில் முழுப் பிரேதப் பரிசோதனைகளுக்கு உங்களை உடனிருக்க வைக்கும்படி உங்கள் பயிற்சித் தலைமையிடம் எழுத்தில் கேளுங்கள். வாசலில் நின்று கையெழுத்து வாங்கிப் போவது போதாது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது உள்ளே நிற்க வேண்டும். அப்படி நின்றவர்தான் பிறகு இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். அடுத்து, விடுதலையில் முடிந்த கொலை வழக்குகளின் தீர்ப்புகளைப் பாடமாகக் கேளுங்கள். இது என் விருப்பம் மட்டுமில்லை. ஆறு வயதுச் சிறுமியைக் கொன்ற குஜராத் வழக்கில், புலனாய்வுக் குளறுபடியால் குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையை உறுதி செய்ய நேர்ந்த உச்ச நீதிமன்றம், 2014 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் இதைக் கட்டளையாகவே இட்டது: வழக்குகள் தோற்ற காரணங்களை அதிகாரிகளின் பயிற்சியில் சேர்க்க வேண்டும், தவறியவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று. எங்கள் துறையிலும் தடய அறிவியல் துறையிலும் ஓய்வு பெற்றவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். எனக்கு மதிப்பூதியம் வேண்டாம்.

நிலையத்துக்குப் போன பின் ஒன்று செய்யுங்கள். இறந்தவரின் தாயைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பெண் என்றால் அவளுடைய பிறந்த வீட்டாரைப் புகுந்த வீட்டார் இல்லாத இடத்தில் கேளுங்கள். ஒதுக்குப்புறத்துக் குடிசை என்பதற்காக ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். பணமும் சாதிப் பலமும் உள்ள வீட்டில் மரணம் என்றால் மேலிடத்துப் போன் தானாக வரும், விசாரணை தானாக நடக்கும். யாருமில்லாதவருடைய சாவுக்கு வந்து நிற்பது நீங்கள் ஒருவர்தான். அறிக்கை வந்ததும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பிணவறை வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டுப்போன தாய்மார்களுக்கு அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாமல் இருந்தது.

பயிற்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது. பிணவறைக்கு உங்களை அனுப்பும் தேதியை இந்த மாதத்துக்குள் கேட்டு வாங்குங்கள்.